முடிச்சு எந்தப் பக்கம்

கியரை மாற்றும்போது பெட்டிக்குள்ளே ஒரு சக்கரம் விலகிப்போய் இன்னொரு சக்கரம் வந்து சேர்கிறது என்றுதான் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணமாகி வரும்வரை நான் அதைக்கூட நினைத்துப் பார்த்ததில்லை. வந்த மூன்றாவது வாரம், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என்னைக் கீழே பட்டறைக்குக் கூப்பிட்டு, மூடி கழற்றிய ஒரு பெட்டியைக் காட்டினார் என் கணவர்.

"பாரு, எல்லாச் சக்கரமும் எப்பவும் ஜோடி ஜோடியா கோத்துக்கிட்டேதான் இருக்கு. எதுவும் எதை விட்டும் பிரியாது. ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுதான் இந்தத் தண்டோட பூட்டிக்கும். மத்ததெல்லாம் சும்மா சுத்திக்கிட்டிருக்கும்."

பூட்டுவது ஸ்லீவ். தடித்த வளையல் மாதிரி ஒரு இரும்பு, உள்பக்கம் முழுக்கப் பல். ஓட்டுபவர் கியர் கம்பியைத் தள்ளினால், உள்ளே கவை போன்ற ஒரு ஃபோர்க் இந்த வளையலைத் தண்டின் மேல் நகர்த்தும். அது போய்ப் பக்கத்துச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதால் மோதிக்கொள்ளாமல் இருக்க நடுவே ஒரு பித்தளை வளையம் உரசி, வேகத்தைச் சமன்செய்து கொடுக்கும். இஞ்சினுக்கு வேகம் உண்டு, தம் கிடையாது. மேட்டில் ஏற வேகம் வேண்டாம், பலம்தான் வேண்டும். சின்னச் சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறைந்து பலம் கூடும். அவ்வளவுதான் கியர்பாக்ஸ். அவர் இதையெல்லாம் என் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டிச் சொன்னார். என் நகக்கண்களில் எண்ணெய் ஏறியது. பதினோரு வருடமாக அது முழுதாக இறங்கியதேயில்லை.

"மத்ததெல்லாம் சும்மா சுத்திக்கிட்டிருக்கும்" என்ற அந்த வாக்கியம் என் நினைவுக்குத் திரும்ப வந்தது, அவருடைய தங்கை எங்களோடு வந்து சேர்ந்த பிறகுதான்.

நாத்தனார் ஒரு பஸ் கம்பெனியின் டிப்போவில் பெட்டி வேலை பார்த்தவள். டிப்போவை மூடிவிட்டார்கள். ஒரு துணிப்பையும் ஒரு கருவிப் பெட்டியுமாக வந்து இறங்கினாள். என் கணவர் ஓடிப்போய் முதலில் கருவிப் பெட்டியைத்தான் வாங்கினார், இரண்டு கையாலும், பிறந்த குழந்தையை வாங்குவதுபோல. திறந்து பார்த்துவிட்டு, "அடிப்பாவி, ஆட்டம் அளக்கிற டயல் கேஜ் வச்சிருக்கியா!" என்றார்.

"பின்ன? உன்னை மாதிரி ஆட்டிப் பார்த்து, காதுல கேட்டு, சாமி மேல பாரத்தைப் போட்டா பஸ் ஓடுமா, பம்பரம்?"

பம்பரம். என் கணவருக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. "அது என்ன பம்பரம்?" என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "அது பெரிய கதை அண்ணி" என்றாள் அவள். பெரிய கதை என்றால் அதைச் சொல்லப்போவதில்லை என்று பொருள். நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். எனக்குக் கேட்டுப் பெறுவதில் விருப்பம் இருக்கவில்லை.

பட்டறையில் கனமான ஓர் இரும்பு மேஜை உண்டு. அதன் வலப்பக்கம் அவர் நிற்பார், இடப்பக்கம் நான். பேரிங்குக்குள் ஊசி ரோலர்களைக் கிரீஸ் தடவி ஒவ்வொன்றாக நிற்கவைக்க அவருடைய விரல்கள் தடிமன். என் விரல்கள் அளவானவை. அவர் தண்டைத் தூக்கிப் பிடிப்பார், நான் அடுக்குவேன். அதிகம் பேசமாட்டோம். "ம்" என்றால் தள்ளு, "ம்ம்" என்றால் நிறுத்து. பெட்டி வேலை இல்லாத நாட்களில் எங்களுக்குள் பேச்சே குறைந்துவிடும். அதில் எனக்குக் குறை இருந்ததில்லை.

நாத்தனாரின் விரல்கள் என் விரல்களைவிடச் சின்னவை. அவள் குள்ளம். அவரும் அவளைக் "குள்ளி" என்றுதான் கூப்பிடுவார். நான் பத்து நிமிடத்தில் அடுக்கும் ரோலர்களை அவள் நாலு நிமிடத்தில் அடுக்கினாள், வாய் மூடாமல் பேசிக்கொண்டே. வந்த முதல் வாரம் எனக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டாம் வாரம் என் இடத்தில் நின்றாள். யாரும் என்னை நகரச் சொல்லவில்லை. ஒரு நாள் தொட்டியில் சாமான்களைக் கழுவிவிட்டு நிமிர்ந்தேன், அந்த இடம் நிறைந்திருந்தது.

"அண்ணி, நீங்க கழுவிக் குடுங்க, போதும். பாவம், எத்தனை வருஷம்தான் நின்னுக்கிட்டே வேலை பார்ப்பீங்க" என்றாள்.

கரிசனம்தான். அதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் தேடித்தான் பார்த்தேன்.

பொறாமை என்றால் பிறரிடம் இருப்பதைக் கண்டு ஏங்குவது என்று நினைத்திருந்தேன். என்னுடையது வேறு விதம். என்னிடம் இருந்த ஒன்றை வேறொருத்தி எடுத்துப் பயன்படுத்துகிறாள், அது அவள் கையில் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது. அதுதான் தாங்கவில்லை. அவர் முன்பைவிடச் சிரித்தார். பட்டறையில் பெட்டிகள் சீக்கிரம் முடிந்தன. அவளுடைய டம்ளரில் மிச்சமிருக்கும் டீயை எடுத்து ஒரே வாயில் குடித்துவிட்டு, "சர்க்கரையைக் கொட்டிக் குடிக்கிற பழக்கம் இன்னும் போகலையா உனக்கு?" என்பார். நான் தொட்டியில் டீசலில் கையை விட்டுக்கொண்டு, என் டம்ளரிலிருந்து அவர் எப்போதாவது குடித்திருக்கிறாரா என்று பதினோரு வருடத்தையும் துழாவிக்கொண்டிருப்பேன். இத்தனைக்கும் அவள் அவருடைய கூடப்பிறந்தவள். வேறொரு பெண் என்றால் ஊரைக் கூட்டலாம். அழலாம். தங்கையைப் பார்த்து வயிறெரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்று மாதம் இப்படிப் போயிற்று.

அப்போதுதான் ஆஸ்பத்திரி வேன் வந்தது. மலைமேல் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஷிப்ட் முடிந்த நர்ஸுகளைக் கீழே கொண்டுவந்து விட்டு, அடுத்த ஷிப்ட்டை மேலே ஏற்றிக்கொண்டு போகும் வேன். வேன்காரர் எங்களுக்குப் பழக்கமானவர், வயதில் மூத்தவர்.

"தம்பி, இறக்கத்துல ஆக்ஸிலேட்டர்லேருந்து காலைத் தூக்கினா மூணாவது கியர் தானா வெளியே குதிச்சிடுது. நேத்து அப்படிக் குதிச்சதுல வண்டி விட்டது பாரு ஓட்டம்! பின்னாடி உட்கார்ந்திருந்த பன்னெண்டு பேரும் எனக்குத் தெரியாத சாமி பேரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாங்க."

அவருடைய இடது கை பேசும்போதும் கியர் கம்பியின் தலையைப் பிடித்தபடியே இருந்தது. நாத்தனார் அதைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, ஓட்டும்போதும் கை அங்கேயேதான் இருக்குமா?"

"இருபது வருஷப் பழக்கம்மா. என் பொண்டாட்டி கையைப் பிடிச்சதைவிட இதைப் பிடிச்சதுதான் அதிகம்."

"அதான் உள்ளே ஃபோர்க் தேஞ்சு கிடக்கு. இனிமே அவங்க கையைப் பிடிச்சுக்குங்க. பெட்டி பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும்."

வேன்காரர் ஸ்டீரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். என் கணவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவள் சொன்னது சரி. கம்பியின் மேல் கை சும்மா கிடந்தாலே ஃபோர்க் ஸ்லீவை விடாமல் உரசும், நாளாவட்டத்தில் இரண்டும் தேயும். அது எனக்கும் தெரியும். வேன்காரருடைய கையை நானும் கவனித்திருந்தேன். ஆனால் சிரிக்கவைக்கும்படி சொல்ல எனக்கு வராது.

மறுநாள் மாலை பெட்டியை இறக்கினார்கள். எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்ப்பது அப்போதும் என் வேலையாகத்தான் இருந்தது. பொன்னிறத் தூள் நின்றால் பித்தளை வளையம் தேய்கிறது. வெள்ளிச் சீவல் நின்றால் பல் உதிர்கிறது. இதில் பொன் கொஞ்சம், வெள்ளி அதிகம், கூடவே நகத்துணுக்கு மாதிரி ஒரு செதில். "பின்பக்கப் பேரிங் போயிருக்கும்" என்றேன். பெட்டியைத் திறந்தபோது அதுதான் இருந்தது. பேரிங் தேய்ந்து தண்டு முன்னும் பின்னும் ஆடியிருக்கிறது. ஆடுகிற தண்டில் ஸ்லீவ் எதைப் பிடித்து நிற்கும்? நாத்தனார் டயல் கேஜை வைத்து எவ்வளவு ஆட்டம் என்று அளந்தாள். நான் சொன்னதை அவள் எண்ணால் சொன்னாள். என் கணவர் அந்த எண்ணைச் சுவரில் எழுதிவைத்தார்.

தண்டுகளை என் பக்கம் தள்ளினார்கள். நான் சக்கரங்களையும் வளையங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவினேன். ஃபோர்க் தேய்ந்திருந்தது, அதை மாற்ற வேண்டும். மூன்றாவது கியரின் ஸ்லீவ் தேயாமல் நன்றாக இருந்தது. அதையே மறுபடி போடலாம்.

இந்த ரக வேன்களின் ஸ்லீவில் ஒரு விஷயம் உண்டு. பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். மூன்றாவது கியர்ப் பக்கத்துப் பற்கள் மட்டும் உள்நோக்கிக் கொஞ்சம் சரிந்திருக்கும். பாரம் ஏற ஏற இறுக்கிப் பிடிக்கட்டும் என்பதற்காக. கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால்தான் தெரியும். திருப்பிப் போட்டுவிட்டால் மேஜைமேல் எல்லாம் சரியாக விழும், தட்டையான ரோட்டிலும் ஓடும். இறக்கத்தில் காலைத் தூக்கினால் குதித்துவிடும். கல்யாணமான புதிதில் ஒருமுறை நாங்களே அப்படித் திருப்பிப் போட்டு, முழுப்பெட்டியையும் மறுபடி இறக்கினோம். அதன்பிறகு நான் ஒரு வழக்கம் வைத்தேன். கழுவியதும் ஸ்லீவில் ஒரு செப்புக் கம்பியைக் கட்டுவேன், முடிச்சு இஞ்சின் பக்கம் பார்க்கும்படி. அவருக்கும் எனக்கும் அது பழகிவிட்டது. எங்கேயும் எழுதிவைக்கவில்லை. இந்த மூன்று மாதத்தில் வந்த பெட்டிகளில் ஸ்லீவ்களைப் புதிதாக மாற்றினார்கள், அல்லது அவரே போட்டார். நாத்தனார் அந்த முடிச்சைப் பற்றிக் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

மறந்துபோய்ச் சொல்லாமல் இருந்தேன் என்று எழுதினால் பொய். சொல்ல நினைத்த நாட்கள் இருந்தன. அந்த மேஜையில் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது இது ஒன்றாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலை அவள் பெட்டியைக் கோத்தாள். என் கணவர் வேன் அடியில் குழிக்குள் இறங்கி கிளட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொட்டியருகே தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஸ்லீவைக் கையில் எடுத்தாள். முடிச்சைப் பார்த்தாள். ஒரு கணம் யோசித்தாள். பிறகு முடிச்சு இஞ்சினுக்கு எதிரே, வால் பக்கம் பார்க்கும்படி திருப்பி, தண்டில் ஏற்றி, கம்பியை வெட்டிப் போட்டாள்.

டிப்போவில் அவர்கள் வால் பக்கம்தான் அடையாளச் சாயம் தொடுவார்களாம். அதுவும் வெறும் பழக்கத்துக்காக. அந்தப் பஸ்களின் ஸ்லீவ் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் தப்பு நடக்கிறது என்பது மட்டும். வாயைத் திறந்தால் போதும். "அந்தப் பக்கம் இல்லம்மா." அவள் திருப்பிப் போட்டிருப்பாள், அரை நிமிடம். "நல்ல வேளை அண்ணி" என்று சிரித்திருப்பாள். மதியம் சாப்பிடும்போது அதையே ஒரு வேடிக்கையாக அவரிடம் சொல்லி அவரையும் சிரிக்கவைத்திருப்பாள்.

நான் தட்டைத் துடைத்துக்கொண்டேயிருந்தேன். ஏற்கெனவே துடைத்த தட்டு.

மனசுக்குள் கணக்கு வேகமாக ஓடியது. யாருக்கும் ஆபத்தில்லை. பெட்டியை ஏற்றியதும் அவர் எப்போதும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓட்டிப்போய், இறக்கத்தில் ஒவ்வொரு கியராகக் காலைத் தூக்கிப் பார்ப்பார். அங்கே குதிக்கும். திரும்பி வருவார்கள். பெட்டியை இறக்குவார்கள். கூட அரை நாள் வேலை. ஆனால் அவளுடைய முகம் ஒருமுறை சுருங்குவதை நான் பார்ப்பேன். அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார். அது மட்டும் போதும் என்றிருந்தது. இவ்வளவு சின்ன ஆசைக்காக இவ்வளவு அமைதியாக ஒரு மனுஷி நிற்க முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

பன்னிரண்டரைக்குப் பெட்டி ஏறியது. எண்ணெய் ஊற்றினார்கள். அவளையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். "வெண்ணெய் மாதிரி விழுது" என்றார் இறங்கும்போது.

வேன்காரர் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றார். "தம்பி, மாத்து வண்டி வரலை. ரெண்டு மணி ஷிப்ட் இறங்கறதுக்குக் காத்துக்கிட்டிருக்கு. கிளம்பட்டுமா?"

என் கணவர் மேட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எனக்கு நெஞ்சு லேசாயிற்று. பிறகு அவர் சாவியை வேன்காரர் கையில் கொடுத்தார்.

"கிளம்புங்க அண்ணே. தங்கச்சி அளந்து போட்டிருக்கா. மேட்டுல ஏத்திப் பார்க்கவே வேண்டாம்."

பதினோரு வருடம். என் கைபட்ட ஒவ்வொரு பெட்டியையும் அவர் மேட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்திருக்கிறார். மழையிலும் பார்த்திருக்கிறார். எனக்குக் காய்ச்சலாக இருந்த நாளில், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூட, இவள் போட்டது, பார்க்க வேண்டாம் என்று சொன்னதில்லை. என் காது சூடானது. அந்தச் சூட்டில் ஒரு நொடி, இரண்டு நொடி இருக்கலாம், போகட்டும் என்று நினைத்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் அந்த நொடி இருந்தது.

வேன்காரர் ஏறி உட்கார்ந்தார். இடது கை தானாகப் போய் கியர் கம்பியின் மேல் உட்கார்ந்தது. அவருக்குப் பின்னால் பன்னிரண்டு காலி இருக்கைகள். ஒன்றின் முதுகில் யாரோ மறந்துவிட்ட நீலநிற ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க" என்றேன். இஞ்சின் சத்தத்தில் அது யாருக்கும் எட்டவில்லை. வேன் நகர்ந்தது. ஓடிப்போய் முன்னால் நின்று முகப்பில் உள்ளங்கையால் அடித்தேன்.

"ஏம்மா, குறுக்கே விழுந்து சாகவா? நான் இன்னும் மூணாவது கியரே போடலையே!"

"மேட்டுல ஒரு தடவை ஏத்தி இறக்கிட்டுப் போங்க."

அப்போதும் நான் தப்பிக்கும் வழியைத்தான் பார்த்தேன். அங்கே குதித்தால் போதும், நான் எதுவும் சொல்லத் தேவையிருக்காது.

"நேரமில்லம்மா" என்றார் வேன்காரர்.

"அதான் பார்த்தாச்சே. அவரை விடு" என்றார் என் கணவர்.

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்ன அண்ணி, என் வேலையில நம்பிக்கை இல்லையா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. மூன்று மாதமாக நான் மறைத்துவைத்திருந்த பொறாமையை அவள் எப்போதோ பார்த்துவிட்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"ஸ்லீவ் திரும்பிக் கிடக்கு" என்றேன். "மூணாவது ஸ்லீவ்."

அவர் முகம் மாறியது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"முடிச்சு வால் பக்கம் இருந்துச்சு. அவ போடும்போது பார்த்தேன்."

"எப்போ?"

"காலையில."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வேன்காரர் அதை அணைத்தார். அந்தச் சத்தமும் நின்ற பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆசைப்பட்ட பார்வை அதில் இல்லை.

"காலையிலயே தெரியுமா? தெரிஞ்சா சாவியைக் குடுத்தீங்க?" வேன்காரர் கதவைத் திறந்து இறங்கினார். அவர் குரலில் கேலி போய்விட்டிருந்தது. "பன்னெண்டு பேரும்மா. பிள்ளைகுட்டிக்காரிங்க."

என் கணவர் எனக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றார். "என் தப்பு அண்ணே. முடிச்சு எந்தப் பக்கம்னு தங்கச்சிக்கு நான் சொல்லியிருக்கணும். மேட்டுலயும் ஏத்திப் பார்த்திருக்கணும். ரெண்டும் என் தப்புதான்."

அதை யாருக்காகச் சொன்னார்? அவள் பிழையை மூடவா, என் மௌனத்தை மூடவா? அந்த நிலையிலும் என் மனசு அதைத்தான் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தது. நாத்தனாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே கேள்வி இருந்திருக்கலாம்.

வேன்காரர் போனில் யார் யாரையோ கெஞ்சி, கடைசியில் ஒரு பழைய வண்டிக்கு ஏற்பாடு செய்தார். நாங்கள் பெட்டியை இறக்கினோம். ஊற்றி ஒரு மணி நேரமான எண்ணெய் தேன் மாதிரி தட்டில் வழிந்தது. அதில் எந்தத் தூளும் இல்லை. தள்ளவும் நிறுத்தவும் "ம்" கூட இல்லை. ஸ்லீவ் வெளியே வந்ததும் நாத்தனார் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்துப் பல்லில் நகத்தை ஓட்டினாள். மறுபக்கம் ஓட்டினாள்.

"ஆமா" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

சரியான பக்கம் திருப்பி அவளே போட்டாள். ரோலர்களை அடுக்கும்போது முதல் முறையாக அவள் கையிலிருந்து ஒன்று நழுவி விழுந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் காலையில் நின்றிருந்தேன். பார்த்ததும் குனிந்து அந்த ரோலரை எடுத்துத் துடைத்து அவள் பக்கம் வைத்தேன்.

ஐந்தரை மணிக்கு வண்டி தயார். வேன்காரரோடு என் கணவர் ஏறிக்கொண்டார். "மேட்டுக்குப் போறோம். யார் வர்றீங்க?" என்று பொதுவாகக் கேட்டார். இரண்டு பேரும் அசையவில்லை. அவர் ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுக் கிளம்பினார்.

ஒரே தொட்டியில் கை கழுவினோம். அவள் சோப்பை எனக்கு முன்னால் எடுத்தாள். தரவில்லை. நுரை வரும்வரை தேய்த்துவிட்டு அப்புறம்தான் பேசினாள்.

"முடிச்சு எந்தப் பக்கம்னு ஏன் அண்ணி எனக்குச் சொல்லலை?"

"நீ கேக்கலை."

"கேக்கணும்னு தெரிஞ்சாத்தானே கேக்கறதுக்கு?"

நான் நகக்கண்ணில் இருந்த எண்ணெயைச் சுரண்டினேன்.

"சரி, அதை விடுங்க. காலையில பார்த்தப்போ ஏன் சொல்லலை?"

பொய் சொல்ல நேரமிருந்தது. கவனிக்கவில்லை, சந்தேகமாக இருந்தது, இப்படி ஏதாவது. சோப்பு நுரையையே பார்த்துக்கொண்டு சொன்னேன். "நீ தப்பு பண்றதைப் பார்க்கணும்னு இருந்துச்சு."

அவள் குழாயை மூடினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுதாலும் அழுவாள் என்று நினைத்தேன்.

"பார்த்தாச்சுல்ல?" என்றாள். "டிப்போவை மூடினப்போ நாற்பது பேர் வெளியே வந்தோம். இந்த வேலைக்குப் பொம்பளையை எவன் எடுக்கிறான்? எனக்கு இருக்கறது இந்த மேஜை ஒண்ணுதான். ஒரு வேன் இறக்கத்துல போயிருந்தா அதுவும் போயிருக்கும். உங்களுக்கு வீடாவது இருக்கு."

"அவர் உன்னைப் போகச் சொல்லமாட்டார்."

"அவன் சொல்லமாட்டான். நானே போயிருப்பேன்."

ஒரு துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு தன் கருவிப் பெட்டியின் மூடியைத் திறந்து நிறுத்தி, சாக்குக் கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு என் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதுமாதிரி வேற என்னென்ன வச்சிருக்கீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க. எழுதிக்கறேன்."

கோபமாகத்தான் கேட்டாள். அந்தக் கோபத்தில் ஒரு தொழில் தெரிந்தவளின் அவசரம் இருந்தது. எனக்கு அது பழக்கமான அவசரம். நானும் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன்.

ஸ்லீவ் முடிச்சு இஞ்சின் பக்கம். பித்தளை வளையத்தை அதனதன் சக்கரத்தோடு சேர்த்துத்தான் கட்டுவேன், ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகியவை, மாற்றிப் போட்டால் மறுபடி உரசும். தட்டில் இடமிருந்து வலமாக வைப்பது கழற்றிய வரிசை இல்லை, கோக்கும் வரிசை. இடைவெளிக்குப் போடும் மெல்லிய தகடுகள் இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றுபோல் இருக்கும், அதனால் எண்ணி டீசலில் நனைத்து எண்ணி எடுப்பேன். அவர் பழைய போல்ட்டைத் தலைகீழாக நிறுத்தியிருந்தால் அதை மறுபடி போடாதே என்று அர்த்தம்.

ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அது எப்போது வந்தது என்பது எனக்குள் ஓடியது. எந்த மழைக்காலம், எந்த வண்டி, யார் முதலில் தப்பு செய்து யார் சிரித்தோம் என்று. அதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்டது வழக்கங்களை. வாயைவிட்டு வெளியே வந்ததும் ஒவ்வொன்றும் வெறும் தொழில் குறிப்பாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் படித்துப் பயன்படுத்தலாம். பதினோரு வருடம் இவ்வளவுதானா என்று இருந்தது, அவள் எழுதிய நீளத்தைப் பார்த்தபோது.

"அவ்வளவுதானா?"

ஒன்று இருந்தது. பெட்டியின் மூடியில் கடைசி போல்ட்டை அவர் முழுக்க முறுக்கமாட்டார். அரைச் சுற்று பாக்கி வைத்துவிட்டு ஸ்பானரை என் கையில் கொடுப்பார். முதல் பெட்டியில் விளையாட்டாக ஆரம்பித்தது. நாத்தனார் வந்தபிறகு மூன்று மாதமாக அந்த ஸ்பானர் என் கைக்கு வரவில்லை. அவர் மறந்திருக்கலாம். இவள் அவசரத்தில் தானே முறுக்கியிருக்கலாம். அதனால் பெட்டிக்கு எந்த நஷ்டமும் இல்லை, யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லை.

"அவ்வளவுதான்" என்றேன்.

வேன் வந்து நின்றது. வேன்காரர் ஜன்னலிலிருந்தே கத்தினார். "கெட்டியா நிக்குதும்மா! நானே ஆட்டிப் பார்த்தேன், விடலை!" பிறகு தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார், கம்பியில் இல்லை என்பதற்காக. என் கணவர் இறங்கி எங்கள் இருவரையும் பார்த்தார். நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என்ன நினைத்தாரோ, குழியை மூடும் பலகைகளை எடுத்துப் போடத் தொடங்கினார். நாத்தனார் எழுந்து அவருக்குக் கைகொடுக்கப் போனாள். மறுமுனையைத் தூக்கியபடி ஏதோ சொன்னாள். அவர் பதில் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

நான் அவளுடைய பெட்டி மூடியில் எழுதியிருந்ததைப் படித்தேன். எங்காவது பிழை இருக்கும் என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். நான் சொன்ன வரிசையிலேயே, ஒன்றுகூட விடாமல், ஒன்றைக்கூட மாற்றாமல் எழுதியிருந்தாள். கையெழுத்தும் அழகாக இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.